எந்தப் பக்கம் திரும்பும்?

அம்சவள்ளி விமான நிலையத்தில் வேலை செய்கிறாள் என்று கேட்டதும் அவள் குடியிருக்கும் புக்கிட் செந்தோசாவில் பலரும் அவளை விமானப் பணிப்பெண் என்றே நினைத்துக்கொள்வார்கள். கெர்லிங் பக்கத்துத் தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டிய அவளுடைய அப்பா இருசப்பனுக்கும் வெகுநாள் குழப்பம்தான். மகள் பிளேன் ஓட்டவில்லை, யாருக்கும் காப்பி கொடுக்கவும் இல்லை, அப்புறம் என்னதான் செய்கிறாள்? கடைசியில் அவளே சொன்னாள்: "நான் விடச் சொன்னாத்தான்பா பிளேன் ஏறும்." அதற்குப் பிறகு சாப்பாட்டுக் கடையில் எதிரே உட்கார்ந்தவர்களிடமெல்லாம் அவர் அதைச் சொல்லிவைத்தார்.

உண்மையில் அவள் சொன்னால் மட்டும் போதாது. அவள் உட்காரும் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக் கண்ணாடி வழியாகத் தெரியும் ஓடுபாதை வரைக்கும்தான் அவளுடைய அதிகாரம். தரையை விட்டு எழும்பியதும் விமானம் வேறொரு கட்டடத்தில், ராடார் திரை முன்னால் இருப்பவர்கள் கைக்குப் போய்விடும். அதனால் ஒவ்வொரு விமானத்துக்கும் போன் போட்டு அவர்களிடம் கேட்க வேண்டும். அவர்கள் 'ரிலீஸ்' என்ற பிறகுதான் இவள் விடலாம். பல நேரம் போனை எடுக்கமாட்டார்கள். ஓடுபாதை ஓரத்தில் இயந்திரம் உறுமக் காத்திருக்கும் விமானி இவளிடம்தான் முகம் சுளிப்பார். அது பழகிப்போன எரிச்சல்.

பழகாத எரிச்சல் போன வருடம் வந்தது. ஒரு மத்தியானம் கோல சிலாங்கூர் பக்கமிருந்து மழை கருகருவென்று ஏறிக்கொண்டிருந்தது. வடக்கே போகும் ஒரு சின்ன விமானத்துக்கு அம்சவள்ளி அனுமதி கேட்டாள். ராடார் அறையில் போனை எடுத்தவர் ரெய்மண்ட். ரிலீஸ் என்றார். அந்த விமானங்கள் ஏறியதும் இடப்பக்கம் திரும்புவது வழக்கம். அவளும் அப்படியே விட்டாள்.

அவள் போனை வைத்த கையோடு ராடார் அறையில் முடிவு மாறியது. மழைக்காக, ஏறுகிற விமானங்கள் கொஞ்ச நேரம் நேராகப் போகட்டும், இறங்க வரும் ஒன்றை இடப்பக்கமாகச் சுற்றிக் கொண்டுவரலாம் என்றார்கள். அதே சமயம் ரெய்மண்டின் ஷிப்ட் முடிந்து வேறொருவர் வந்து உட்கார்ந்தார். கோபுரத்துக்கு வந்தவர் சொல்லிவிடுவார் என்று ரெய்மண்டும், ரெய்மண்ட் சொல்லியிருப்பார் என்று வந்தவரும் இருந்துவிட்டார்கள். விமானம் வழக்கப்படி இடப்பக்கம் திரும்பியது. வந்தவர் திரையில் பார்த்துவிட்டு, எதிரே வந்ததை அவசரமாக விலக்கினார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இரண்டும் நெருங்கக்கூடாத அளவுக்கு நெருங்கியிருந்தன.

விசாரணை முடியும்வரை அம்சவள்ளியை விமானிகளோடு பேசும் மைக்கிலிருந்து எடுத்து மேசை வேலையில் போட்டார்கள். கோபுரம் திசையை உறுதி செய்துகொள்ளத் தவறியது என்று அறிக்கை வந்தது. எனக்குச் சொல்லாத ஒன்றை நான் எப்படி உறுதி செய்வது என்று மேலதிகாரியிடம் கேட்டாள். அவர் மரியாதையாகத்தான் பேசினார். உன்னை யாரும் குறை சொல்லவில்லை, நடைமுறையைத்தான் சொல்கிறோம் என்றார். அந்த மரியாதையில்தான் அவளுக்கு இன்னும் பற்றி எரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் ரெய்மண்ட் அவளைத் தேடி புக்கிட் செந்தோசாவுக்கே வந்தார். வருடக்கணக்காகப் போனில் பேசியவர்கள் அன்றைக்குத்தான் முகம் பார்த்துக்கொண்டார்கள். அவரையும் ராடார் வேலையிலிருந்து எடுத்துச் சும்மா உட்காரவைத்திருந்தார்கள்.

"எங்க பக்கம்தாம்மா விட்டுப்போச்சு. நான் எழுதிக் குடுத்துட்டேன்," என்றார் தேத்தண்ணியைக் கலக்கிக்கொண்டே. "ஒம்மேல எப்படிப் போட்டாங்கன்னு எனக்கே வெளங்கல."

"என்மேல போட்டது போகட்டும் அண்ணே. நாளைக்கு மறுபடியும் இதே நடக்கும்ல?"

இருவரும் சேர்ந்து ஒரு யோசனை எழுதினார்கள். ரிலீஸ் என்று சொல்லும்போது திரும்பும் திசையையும் சொல்ல வேண்டும், கோபுரம் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ராடார் தரப்பு ஒத்துக்கொள்ள வேண்டும் என்றார் கோபுரத்து அதிகாரி. கோபுரம்தான் முறைப்படி கேட்க வேண்டும் என்றார் ராடார் அதிகாரி. இரண்டு தரப்பு ஒப்பந்தத்தைத் திருத்தக் குழு கூட வேண்டும் என்றார்கள் இருவரும். பெருநாள் விடுமுறைக்காகக் கூட்டம் தள்ளிப்போனது. பிறகு ஒரு அதிகாரி மாற்றலாகிப் போக, புதிதாக வந்தவர் முதலிலிருந்து ஆரம்பிக்கலாம் என்றார்.

ராவாங்கில் கையுறைத் தொழிற்சாலைக்குப் போகும் அவளுடைய கணவன் சரண், சாப்பிடும்போது பொறுமையாகத்தான் கேட்டான்: "ஒரு வார்த்தை கூடச் சொல்றதுக்கா இத்தனை மீட்டிங்?"

"என்னையக் கேட்டா?" என்று அவள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து, ஆறிப்போன சோற்றையே சாப்பிட்டாள்.

மறுபடி மைக்குக்குப் போனதும் அவளும் ரெய்மண்டும் யாரையும் கேட்காமல் அதைச் செய்யத் தொடங்கினார்கள். அவர் திசை சொல்வார், அவள் திருப்பிச் சொல்வாள். கோபுரத்தில் சிலர் பழகிக்கொண்டார்கள். ராடார் அறையில் சிலர் சிரித்தார்கள்.

போன மாதம் ஒரு காலையில் ரெய்மண்ட் விடுமுறை. பவனேஷ் என்ற புதியவன் போனை எடுத்து, ரிலீஸ் என்று மட்டும் ஆங்கிலத்தில் சொன்னான். எந்தப் பக்கம் என்றாள். பதிவாகிற போன் என்பதையும் மறந்து அவனுக்குத் தமிழ் வந்துவிட்டது.

"எப்பவும் போலதான்லா அக்கா."

"எப்பவும் போலன்னா எந்தப் பக்கம் தம்பி?"

கீழே மூன்று விமானங்கள் வரிசையில் நின்றன. முதலில் நின்ற விமானி இரண்டு தடவை கேட்டுவிட்டார். அம்சவள்ளி போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"லெப்ட்," என்றான் கடைசியில்.

"லெப்ட்," என்று அவள் திருப்பிச் சொல்லி விமானத்தை விட்டாள். அவன் போனை வைத்த சத்தம் காதில் அறைந்தது.

சாயங்காலமே மேலதிகாரி கூப்பிட்டார். கோபுரத்தால் தாமதம் என்று ராடார் தரப்பிலிருந்து புகார் வந்திருக்கிறதாம். குழு கூடும்வரை பழைய முறையிலேயே போகலாமே என்றார். குழு எப்போது கூடும் என்று கேட்டாள். அது அவருக்கும் தெரியவில்லை.

மறுநாள் காலை முதல் விமானத்துக்கும் அவள் எந்தப் பக்கம் என்று கேட்டாள். புகார் இன்னொன்று வரும் என்று அவளுக்குத் தெரியும்.