ஸ்டிக்கர் சாரின் கட்டைவிரல்

கட்டைவிரல் நகத்தைக் கணினித் திரையின் ஓரத்தில் கொடுத்து மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு. மஞ்சள் சீட்டு முழுசாக வந்துவிட்டால் முகத்தில் ஒரு திருப்தி. பாதியில் கிழிந்து பசை நின்றுவிட்டால் "சே" என்று எச்சில் தொட்டுத் தேய்ப்பார். மூன்று மாடி, நாற்பத்தியொரு கணினி. வார்டின் பொதுப் பாஸ்வேர்டை எழுதி நர்சுகள் ஒட்டிவைத்த சீட்டுகளைக் காலையில் இவர் உரிப்பார். மத்தியானத்துக்குள் புதுச் சீட்டு முளைத்துவிடும்.

"நீங்க பாட்டுக்குப் பிச்சுட்டுப் போயிடறீங்க. டாக்டர் தலைமேல வந்து நிக்கறப்ப பாஸ்வேர்டை எங்க போய்த் தேடுவேன்?" என்பார் தலைமை நர்ஸ்.

"மனப்பாடம் பண்ணுங்கம்மா. எட்டே எட்டு எழுத்து."

"ஆயிரம் மருந்துப் பேரு மண்டைல இருக்கு. உங்க எட்டெழுத்துக்கு இடமில்ல."

எங்கள் மருத்துவமனைக் கணினிகளையெல்லாம் பார்த்துக்கொள்பவர் அவர். எல்லாருக்கும் ஸ்டிக்கர் சார். பதிவேட்டு அறையில் என் மேசைக்கு அடுத்த மேசை. கணினி அறைக்குள் நுழையுமுன், கைக்குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோலக் கதவில் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்ப்பார். உள்ளே குளிர் என்பதால் வெயில் நாளிலும் ஒரு பழுப்பு ஸ்வெட்டர். அதன் முழங்கையில் இருப்பது அவருடைய அக்கா போட்ட ஒட்டு. அக்காவுக்கு இதே கட்டடத்தில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பத்தொன்பது வருஷ வேலை. மத்தியானம் இருவரும் ஒரே டப்பாவில்தான் சாப்பிடுவார்கள். "டேய், மென்னு தின்னுடா" என்று அக்கா அதட்டுவது என் காதில் விழும்.

எந்தக் கணினி திணறுகிறது, எது நின்றுவிட்டது என்பதை ஒரே திரையில் காட்டும் கண்காணிப்பு மென்பொருளை எட்டு வருஷத்துக்கு முன் சார்தான் சண்டை போட்டு வாங்கினார். எல்லாவற்றையும் பார்க்க வேண்டுமே என்று அதற்கு முழு அதிகாரமும் கொடுத்தார். போன வருஷம் அதிலேயே ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தார். பொதுப் பாஸ்வேர்டு தெரிந்த யாரும் அந்த மென்பொருள் பார்க்கும் இடத்தில் ஒரு சின்னக் கோப்பைப் போட்டால் போதும். தன்னுடைய வேலைதான் என்று எண்ணி, தன் அதிகாரம் முழுவதையும் கொடுத்து அது அதை ஓட்டிவிடும். அப்புறம் போட்டவர் வைத்ததுதான் சட்டம். எதையும் மாற்றலாம், யார் பெயரிலும் எழுதலாம். தயாரித்த நிறுவனத்துக்கு மூன்று கடிதம் எழுதினார். பதில் இல்லை. கழற்றிவிடலாம் என்று நிர்வாக அதிகாரியிடம் போய் நின்றார்.

"வெளியிலேர்ந்து யாராவது இதைச் செய்ய முடியுமா?" என்று கேட்டார் அதிகாரி.

"முடியாது சார். உள்ள இருக்கறவங்கதான்."

"அப்புறம் என்னய்யா? நம்ம ஆளுங்கதானே. விடு."

மூன்று வாரத்துக்கு முன் ஒரு நோயாளியின் ரத்தப் பரிசோதனை முடிவு கணினியில் மாறிப்போயிருந்தது. தப்பான மருந்து ஏறி, அவர் பிழைத்ததே பெரும்பாடு. முடிவைத் திருத்த வேண்டுமானால் ஊழியர் தன் அட்டையைத் தேய்க்க வேண்டும். காலை பதினொன்று பத்துக்கு அக்காவின் அட்டை தேய்க்கப்பட்டதாகக் கணினிப் பதிவு சொன்னது. "அப்ப நான் டீ குடிச்சிட்டிருந்தேன்டா. அட்டை என் கழுத்துலதான் தொங்குச்சு" என்றார் அக்கா. அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு விசாரணை வைத்தார்கள்.

சார் வாதாடவில்லை, செய்தே காட்டினார். ஒரு வார்டுக் கணினியைக் கொண்டுவரச் சொல்லி, அதில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்துப் பாஸ்வேர்டு போட்டு, அந்தச் சின்னக் கோப்பைப் போட்டுவிட்டு ஒரு நிமிஷம் கைகட்டி உட்கார்ந்தார். அதிகாரியின் அட்டை அதிகாரியின் சட்டைப்பையில் இருக்கும்போதே, அவர் பெயரில் ஒரு முடிவு திருத்தப்பட்டதாகப் பதிவு விழுந்தது. குறிப்பெடுக்க உட்கார்ந்திருந்த நான், அப்பாடா, அக்கா தப்பித்தார் என்று நினைத்தேன்.

அதிகாரி மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "இது உனக்கு ஒரு வருஷமாத் தெரியும். வேற யாருக்குத் தெரியும்?"

"உங்ககிட்ட சொன்னேனே சார்."

"எனக்கு அதை ஆன் பண்ணவே தெரியாது. அப்போ செய்யத் தெரிஞ்ச ஆள் நீ ஒருத்தன்தான். நீ செஞ்சியா?"

"நான் செய்யல சார்."

"அப்போ பதிவுல இருக்கறபடி உன் அக்காதான்" என்று அதிகாரி என் பக்கம் திரும்பினார். "எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டேன். என் கையெழுத்தில்தான் அது இருக்கிறது. உண்மையில் செய்தது யார் என்று இன்றுவரை யாரும் தேடவில்லை. திங்கட்கிழமை அக்காவுக்கு வேலைநீக்க உத்தரவு போனது.

அன்றிலிருந்து சாருக்கு டப்பா வருவதில்லை. மத்தியானம் டீயில் பிஸ்கட்டை நனைத்து, அது உடைந்து விழுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒருநாள் திடீரென்று, "உண்மையைத்தானே சொன்னேன்?" என்று என்னிடம் கேட்டார். ஆமாம் என்றேன். அந்த ஆமாம் இருவருக்குமே உதவவில்லை. மென்பொருள் நாற்பத்தியொரு கணினியிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. திரை முழுக்கப் பச்சை, எல்லாம் சரியாம்.

உரிக்கும் வேலையை மட்டும் அவர் விடவில்லை. ஆனால் ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் பக்கம் மூன்று வாரமாகத் தலைகாட்டாமல் இருந்தார். இன்று காலை போனார். படிவம் வாங்க நானும் அங்கே நின்றிருந்தேன். அக்காவின் நாற்காலி காலி. அவர் கணினியின் ஓரத்தில் மஞ்சள் சீட்டு, அக்காவின் சாய்ந்த கையெழுத்தில் எட்டு எழுத்து. பசை காய்ந்து ஒரு மூலை தூக்கிக்கொண்டிருந்தது. சார் கட்டைவிரலைக் கொண்டுபோனார். தூக்கியிருந்த மூலையை அழுத்தி ஒட்டினார். விரலை வெகுநேரம் எடுக்கவில்லை.