அண்ணன் ரேடியோவில் கொடுத்த பெயர்

எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு ஆபீஸ் பெயர் ஓக்லி. எங்கள் வாயில் அது மொட்டப்பாறை. நாங்கள் குடியிருக்கும் லய வீடுகளுக்கு மேலே நிற்கும் பாறையால் வந்த பெயர். ஹாலிஎலயில் பஸ் கண்டக்டர்கூட மொட்டப்பாறை என்றுதான் கூவுவார்.

பதுளையில் வாத்தியாராக இருக்கும் அண்ணனுக்கு மட்டும் ஓக்லி மீது தனிப் பாசம். இங்கிலாந்தில் அப்படியொரு கிராமம் இருக்கிறதாம். ஓக் மரக் காட்டை வெட்டித் திருத்திய வெளி என்று பழைய ஆங்கிலத்தில் பொருளாம். முதலில் வந்த வெள்ளைக்காரத் துரை ஊர் நினைப்பில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். வீட்டுக்கு யார் வந்தாலும் இந்தக் கதையைக் கேட்காமல் தேத்தண்ணி குடிக்க முடியாது. இங்கே காட்டை வெட்டியது நம் ஆட்கள், பெயர் மட்டும் துரையுடையதா என்று நான் கேட்டால், "ஒனக்கு எல்லாத்துலயும் கோவந்தான்" என்பார். ஆமாம், கோபம்தான்.

போன மழைக்காலத்தில் அப்பா இறந்தார். வெளியூர்க்காரரான அவர் பெண் எடுத்து, வந்து தங்கிவிட்ட தோட்டம் இது. அவருடைய ஒரே தங்கை, எங்கள் அத்தை, கொஸ்லந்தைப் பக்கம் தனியாக இருக்கிறார். மழையில் அந்தப் பக்கம் போன் கிடைக்கவில்லை. இப்படியான நேரத்தில் கேதம் சொல்ல நேரில் ஆள் போவது எங்கள் வழக்கம்.

"நான் பஸ் புடிச்சுப் போய்ட்டு வந்துர்றேண்ணே" என்றேன்.

"ரேடியோவுல குடுத்தாச்சு. இந்தக் காலத்துல எதுக்கு அலையிற?" என்று தடுத்துவிட்டார்.

மரண அறிவித்தலை அவரே எழுதியிருந்தார். அப்பாவின் பெயர், ஓக்லி தோட்டம், அடக்க நேரம். அவ்வளவுதான்.

அத்தை முகம் பார்க்க வேண்டும் என்று பெட்டியை மூடாமல் வைத்திருந்தோம். இருட்டத் தொடங்கியதும் பெரியவர்கள் மூடச் சொன்னார்கள்.

இரண்டு நாள் கழித்து அத்தை வந்தார். சந்தையில் யாரோ சொல்லித்தான் தெரிந்ததாம். வழக்கமாக வாசலிலேயே ஒப்பாரி எழும். அன்று அவர் நேரே உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"ரேடியோ கேக்கலியா அத்தே?" என்றார் அண்ணன்.

"கேட்டேன்யா. எங்கண்ணன் பேரு ஒவ்வொரு தோட்டத்துலயும் நாலு பேருக்கு இருக்கு. ஓக்லின்னாங்க. அது எந்தப் பக்கமோன்னு நெனச்சேன். எனக்குத் தெரிஞ்சது மொட்டப்பாறதானே."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அவரை அடிக்க வேண்டும் போலிருந்தது எனக்கு.

அத்தை அவரைத் திட்டவில்லை. தன் நெஞ்சில்தான் ஓங்கி அடித்துக்கொண்டார்.

"பாவம், யாரு வீட்டு ஆம்பளையோன்னு சொல்லிட்டு, சோறு போட்டுத் தின்னேனேய்யா."