ஓரெஸ்டின் வீங்கிய கன்னம்

கனடாவின் வினிப்பெக்கில் வெல்டிங் பொறி தெறித்துக் கெட்ட ஜன்னல் கண்ணாடி என்றால் ஓரெஸ்ட் பிலிக்கைத்தான் கூப்பிடுவார்கள். ஒட்டிக்கொண்ட இரும்புத் துளிகளைச் சுரண்டி எடுத்துவிட்டு, அவை விட்ட குழிகளை ஈரச் சக்கரத்தால் தேய்த்து மறைப்பது எங்கள் வேலை. பத்தொன்பது வருடத்தில் ஒரு கண்ணாடியைக்கூட மாற்றச் சொன்னதில்லை என்பது அவருடைய பெருமை. கூட வேலை பார்த்த பாவத்துக்கு நான் பதினோரு வருடமாக அதைக் கேட்கிறேன்.

போன மார்ச்சில் டாக்டர் சிக்ரித் ஹால்டர்சனின் புதிய பல் மருத்துவமனைக்குப் போனோம். வாசலில் கைப்பிடிக் கம்பியைப் பற்றவைத்த புண்ணியவான்கள் கண்ணாடிமேல் ஒரு போர்வைகூடப் போடவில்லை. ஆறு கண்ணாடியிலும் அம்மைத் தழும்பு. ஐந்தை ஓரெஸ்ட் அழகாக முடித்தார். ஆறாவதில், கண் மட்டத்தில், ஒரு குழி ஆழம். அதற்குச் சுற்றிலும் அகலமாகத் தேய்க்க வேண்டும். ரேடியோவில் ஹாக்கி, எங்கள் ஊர் தோற்றுக்கொண்டிருந்தது. மனிதர் கோபத்தில் ஒரே இடத்தில் சக்கரத்தை அழுத்திவிட்டார். குழி போய்விட்டது, பள்ளம் வந்துவிட்டது. அதன் வழியே பார்த்தால் எதிர்த்தெருப் பேருந்து வாழைப்பழமாக வளைந்தது.

மாற்றச் சொல்லிவிடலாம் என்றேன். ரேடியோ சத்தத்தைக் கூட்டிவிட்டார்.

டாக்டர் எங்கள் தொழில் வழக்கப்படி பத்தடி தள்ளி, வெளியே நடைபாதையில் நின்று கண்ணாடிகளைப் பார்வையிட்டார். ஓரெஸ்ட் உள்ளே ஓடி, பள்ளத்துக்கு நேர் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டு நின்றுவிட்டார். வெளியிலிருந்து பார்த்தால் இடது கன்னம் தேங்காய் அளவு. கோளாறு மூஞ்சியில்தான் என்று எவரும் நினைப்பார்கள். நடுவில் தேய்த்த தூசிக்கு ஒரு தும்மல் வேறு போட்டார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது.

கையெழுத்துப் போட வேண்டிய காகிதத்தோடு டாக்டர் நேரே உள்ளே வந்தார். ஓரெஸ்ட் சட்டென்று கையால் கன்னத்தைப் பொத்தினார்.

"இந்த வீக்கத்தோடயா வேலை பாத்தீங்க? வாங்க, இங்க முதல் ஆளு நீங்கதான்."

பிளாஸ்டிக் உறை பிரிக்காத நாற்காலியில் உட்காரவைத்து, கையை விலக்கி, வாயைத் திறக்கச் சொன்னார். பழைய கடைவாய்ப்பல் ஒன்றைத் தட்டிப் பார்த்து, இதுதான், பிடுங்கிவிடலாம் என்றார். ஊசியை எடுத்ததும் ஓரெஸ்டுக்கு வியர்த்தது. கண்ணாடியைப் பார்த்தார். ஊசியைப் பார்த்தார்.

"டாக்டர், பல்ல விட்டுடுங்க. அந்த ஆறாவது கண்ணாடிய மாத்திடுங்க."

பத்தொன்பது வருடப் பெருமை அந்த நாற்காலியிலேயே செத்தது. பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

டாக்டர் ஊசியை வைத்துவிட்டார். அதில் மருந்தே இல்லை.

"நீங்க தும்மினப்ப வீக்கம் கன்னத்துலேர்ந்து காதுக்குப் போச்சே, ஓரெஸ்ட்."