வண்டிக்காரர் தூங்குகிறார்

பழுப்புக் காகிதத்தில் சுற்றிய இரண்டு படப் புத்தகங்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சனிக்கிழமை மதியம் வியர்த்து வழிய எங்கள் பால்வாடி வாசலில் வந்து நிற்பார் செக்ரட்டரி. அறுபதுகளை நினைத்தால் எனக்கு முதலில் கண்ணில் தெரிவது அந்தப் பொட்டலம்தான். பம்பாய்த் தாராவியில் தமிழ்ப் பிள்ளைகளுக்காக மாட்டுங்கா சங்கம் ஒன்று நடத்திய பால்வாடி அது. நான் அங்கே டீச்சர், அவர் சங்கத்தின் செக்ரட்டரி. சம்பளம் கிடையாது, எல்லாருடைய வசவும் உண்டு, அப்படி ஒரு பதவி. பகலில் ஃபோர்ட்டில் ஆபீஸ், சாயங்காலம் ஒரு தானியக் கடையில் கணக்கு எழுதும் வேலை, வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பெண்கள். சனிக்கிழமை ஆபீஸ் அரை நாள். கிடைக்கிற அந்த அரை நாளையும் எங்களுக்குக் கொடுத்துவிடுவார்.

பருவத்துக்கு ஒரு புதுப் புத்தகம் வாங்கத்தான் சங்கத்தில் அனுமதி. மாட்டுங்காவில் தெரிந்த கடைக்காரர் இரண்டைக் கொடுத்தனுப்புவார். வேண்டாததை அன்றைக்கே அழுக்குப்படாமல் திருப்பிவிட வேண்டும். குழாயில் தண்ணீர் வருவதே விடியற்காலையில் கொஞ்ச நேரம். அதில் ஒரு குடத்தைச் சண்டை போட்டுப் பிடித்து வைத்திருந்து, ஒவ்வொரு பிள்ளையாகக் கை கழுவித் துடைத்து உட்கார வைப்பதற்குள் எனக்கு இடுப்பு விட்டுப்போகும். செக்ரட்டரி பக்கம் பக்கமாகப் படத்தைக் காட்டிக் கதை சொல்வார். எந்தப் புத்தகத்துக்குப் பிள்ளைகள் அதிகம் கத்துகிறார்களோ அதுதான் நல்ல புத்தகம் என்பது அவர் கட்சி. பெரியவர்களாகப் பார்த்து எதையோ தலையில் கட்டாமல் பிள்ளைகளையே கேட்ட மனிதர் என்பதால் எனக்கு அவர் மேல் மரியாதை உண்டு. ஆனால் கத்தினால் மட்டும்தான் அவர் காதில் விழும்.

அந்தச் சனிக்கிழமை கொண்டுவந்த முதல் புத்தகத்தில் குரங்குகள் பாண்டு வாசித்துக்கொண்டு ஊர்வலம் போயின. பிள்ளைகள் போட்ட கூச்சலில் தகரக் கூரை பறந்துவிடும் போலிருந்தது. செக்ரட்டரிக்கு முகமெல்லாம் சிரிப்பு. இரண்டாவதில் ஒரு மாட்டு வண்டிக்காரர். சரக்கை இறக்கிவிட்டு, வெறும் வண்டியில் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்குகிறார். மாடுகள் தாமாகவே பாலம் தாண்டி, சந்தை தாண்டி, மழையில் நனைந்து வீடு போய்ச் சேருகின்றன. முதல் படத்தைப் பார்த்ததுமே முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு சின்னப் பெண் பின்பக்கம் திரும்பி, உதட்டில் விரல் வைத்து, "சத்தம் போடாதீங்க. மாமா தூங்குதாவ" என்றாள். அவள் அப்பா மில்லில் நைட் ஷிப்ட். அறை முழுக்க அடங்கிவிட்டது. பக்கம் புரளும் ஓசை கேட்டதற்கே அவள் செக்ரட்டரியை முறைத்தாள்.

கதை முடிந்ததும் குரங்குப் புத்தகத்தை என்னிடம் நீட்டினார். "இது இருக்கட்டும். அதுக்கு ஒருத்தரும் வாயைத் திறக்கலையே" என்றார். "அதுதான் சார் இவாளுக்குப் பிடிச்சிருக்கு" என்று சொல்லிப் பார்த்தேன். பாதிப் பேரின் அப்பாக்கள் ராத்திரி வேலைக்காரர்கள், ஒற்றை அறையில் பகலெல்லாம் புடவைத் திரைக்கு அந்தப் பக்கம் தூங்குகிறவர்கள், இவர்கள் வளர்வதே குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் என்றேன். அவர் கொஞ்சம் யோசித்தார். "ஆத்துலயும் தூங்கற அப்பா, இங்கயும் தூங்கற அப்பாவா? பயந்து பயந்து வாயை மூடிண்டிருக்கற குழந்தேள் இங்கயாவது கத்தட்டுமே, டீச்சர்." அவர் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்தப் பெண் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. சாயங்காலம் அது கடைக்குத் திரும்பிவிட்டால் அவள் வாழ்நாளில் அதை இன்னொரு முறை பார்க்கப் போவதில்லை.

டீ வாங்கிவரச் சொல்லிக் கொடுத்தேன். குடித்துவிட்டு, அறையில் இருந்த ஒரே நாற்காலியில், திருப்பிக் கொடுக்க வேண்டிய புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு சற்றுச் சாய்ந்தார். அப்படியே தூங்கிப்போனார். வாய் லேசாகத் திறந்திருந்தது. எழுப்பலாமா என்று நான் யோசிப்பதற்குள் பிள்ளைகள் பொறுப்பை எடுத்துக்கொண்டுவிட்டார்கள். ஒருவன் சிலேட்டால் விசிறினான். ஆடிக்கொண்டிருந்த நாற்காலிக் காலின் கீழ் யாரோ காகிதத்தை மடித்துச் செருகினார்கள். மூக்கிலிருந்து நழுவிய கண்ணாடியை அந்தப் பெண் மெல்லக் கழற்றித் தன் இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டாள். வாசலில் பழைய சாமான்காரன் கூவிக்கொண்டு வந்தபோது ஒரு வாண்டு வெளியே ஓடி, "பய்யா, ஷோர் நை கர்னேகா, அந்தர் சார் சோயேலா ஹை" என்று, உள்ளே சார் தூங்குவதை பம்பாய் இந்தியில் சொல்லி, அவன் வாயை அடைத்துவிட்டு வந்தது. மற்றவர்கள் அவர் மடியிலிருந்த புத்தகத்தைச் சுற்றிக் கூடி, தொடாமலே, அட்டையில் இருந்த மாடுகளைக் காட்டிக் காட்டிக் கிசுகிசுத்தார்கள். "மாட்டுக்கு வழி தெரியும்லா. மாமா பயமில்லாம தூங்கலாம்" என்று ஒரு குரல் எனக்குக் கேட்டது.

வெயில் சாய்ந்த பிறகுதான் விழித்தார். வீட்டுக்குப் போக வேண்டிய நேரம் தாண்டியும் ஒரு பிள்ளை கூட நகரவில்லை. பதறிக்கொண்டு எழப் போனவரிடம் அந்தப் பெண் கண்ணாடியை நீட்டி, "இன்னுங் கொஞ்சம் தூங்குங்க சார். நாங்க சத்தம் போட மாட்டோம்" என்றாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு என்னிடம் சொன்னபோது அவர் குரலும் தானாகத் தாழ்ந்திருந்தது. "பயத்துல வாயை மூடிண்டிருக்கான்னு நெனச்சுட்டேன், டீச்சர். ஆத்துல நான் கண்ணசந்தா, அடுத்த நிமிஷம் யாராவது எதையாவது கேட்டுண்டு வருவா." குரங்குப் புத்தகத்தை எடுத்துப் பழுப்புக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு கிளம்பினார்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் புதுப் புத்தகம் எப்படி என்று தலைவர் கேட்டார். "நல்ல புத்தகம். நானே தூங்கிட்டேன்" என்றார் செக்ரட்டரி. எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

செக்ரட்டரி போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. நான் இப்போது புறநகரில், முலுண்டில் ஒரு ஃபிளாட்டில் இருக்கிறேன். பக்கத்து ஃபிளாட்டுக் குழந்தைகளுக்குப் புத்தகம் பார்த்துத் தரச் சொல்லி இன்னும் கூப்பிடுகிறார்கள், போகிறேன். கடையில் எதை எடுத்தாலும் ஒரு பொத்தான். அமுக்கினால் மாடு கத்துகிறது, ரயில் கூவுகிறது, குழந்தைகள் கத்துகிறார்கள். ஒன்றைத் தேர்ந்தெடுப்பதற்குள் கால் கடுத்துப்போகிறது. அன்றைக்கு அவருக்கு இருந்த அசதி எப்படிப்பட்டது என்று இப்போதுதான் என் உடம்புக்குத் தெரிகிறது. அந்த அறையில் ஒரு மதியமாவது நானும் தூங்கியிருக்கலாம். எனக்காகவும் குரலைத் தாழ்த்தியிருப்பார்கள். நான்தான் கண்ணை மூடவே இல்லை.