முறுக்குவதற்கு முன் போட்ட கோடு

ஒரகடத்திலிருந்து வல்லக்கோட்டைக்குப் போகும் வழியில், கம்பிவேலி போட்ட ஒரு மனையில் டெனிசனின் நான்கு வண்டிகள் ஓடுகின்றன. குவாட் பைக் என்று பலகையில் எழுதியிருக்கிறது. முருகன் கோயிலுக்கு வருகிற குடும்பங்கள் நாலு சக்கர பைக் என்கிறார்கள். செம்மண்ணை மேடும் பள்ளமுமாக வெட்டி, வளைவுகளில் பழைய டயர்களை அடுக்கி, டெனிசன் ஒரு சுற்றுப்பாதை அமைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலைகளில் வேலை பார்க்கும் பிள்ளைகள் விடுதிகளிலிருந்து கூட்டமாக வருவார்கள்.

டெனிசன் மண்ணூரில் எனக்கு அடுத்த வீட்டுக்காரர். இங்கே எழுதுவதை அவரிடமும், அவருடைய மெக்கானிக் கோபாலிடமும் தனித்தனியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இருவரும் சொன்னது ஒத்துப்போகாத ஓர் இடம் உண்டு. அதை அந்த இடத்திலேயே சொல்கிறேன்.

வாகன ஆலையில் சக்கரம் பூட்டும் வரிசையில் வேலை பார்த்தவர் டெனிசன். கடைசி ஆண்டுகளில் அந்த வரிசைக்குத் தலைவராகவும் இருந்தார். முதுகு வலி பொறுக்காமல் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு இந்த வண்டித் தொழிலில் இறங்கினார். சீனாவில் செய்த, விலை குறைந்த வண்டிகள். மரச்சட்டப் பெட்டிகளில் எஞ்சின் தனி, சக்கரம் தனி, கைப்பிடி தனி என்று வந்தன. அவரும் கோபாலும் உட்கார்ந்து பூட்டினார்கள்.

மலிவான வண்டியை வாங்குவது எளிது, வைத்துக்கொள்வதுதான் பாடு என்பதை முதல் மழையிலேயே தெரிந்துகொண்டார்கள். பிரேக் கம்பி துருப்பிடித்து இறுகியது. செயின் வாரத்துக்கு வாரம் நீண்டு தொங்கியது. வெயிலில் நின்ற பிளாஸ்டிக் மூடிகள் வெடித்தன. உதிரி பாகம் கேட்டால் இறக்குமதி செய்தவர் அந்த மாடல் இப்போது வருவதில்லை என்பார். கழற்றிய பாகத்தைப் பையில் போட்டுக்கொண்டு டெனிசன் சென்னையில் பழைய உதிரி பாகம் விற்கும் புதுப்பேட்டைக்குப் போவார். அங்கே ஏதாவது ஒரு மொபெட்டின் கம்பியோ கார்புரேட்டரோ பொருந்திவிடும்.

கோபால் அதற்கு முன் தண்டலத்தில் மாமனாரின் பஞ்சர் கடையில் இருந்தவர். வந்த புதிதில் ஆட்டோ டயருக்கு அடிப்பதைப் போல இந்த டயர்களுக்கும் காற்றடித்துவிட்டார். வண்டி ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளியது. இந்த டயருக்குக் காற்று மிகக் குறைவாக, விரலால் அழுத்தினால் அமுங்குகிற அளவுக்குத்தான் இருக்க வேண்டும். டெனிசன் அதைச் சொன்னபோது, "அப்போ இது டயர் இல்லண்ணே, தலகாணி" என்றாராம் கோபால்.

ஆலையிலிருந்து டெனிசன் கொண்டுவந்த வழக்கம் ஒன்று உண்டு. அங்கே ஒவ்வொரு நட்டையும் அளவுபார்க்கும் ஸ்பேனரால் முறுக்குவார்கள். சரியான இறுக்கம் வந்ததும் ஸ்பேனர் 'டிக்' என்று சத்தம் கொடுக்கும். சத்தம் வந்த பிறகு, நட்டின் மேல் பெயின்ட் பேனாவால் ஒரு மஞ்சள் கோடு இழுப்பார்கள். கோடு இருந்தால் முறுக்கியாயிற்று என்று பொருள். அடுத்து நிற்கிறவர் கோட்டைப் பார்த்து வண்டியை நகர்த்துவார்.

வேகம் கூட்டிய ஓவர்டைம் நாட்களில் சிலர் குறுக்கு வழி ஒன்றைப் பிடித்தார்கள். எல்லா நட்டுக்கும் முதலில் கோடு இழுத்துவிட்டு, பேனாவைப் பையில் போட்டுக்கொண்டு, பிறகு இரண்டு கையாலும் மளமளவென்று முறுக்கிக்கொண்டு போவது. அப்படிச் செய்தவர்களை டெனிசன் வரிசையிலிருந்தே இறக்கிவிட்டிருக்கிறார். இறங்கியவர்களில் இரண்டு பேர் இன்றும் அவரோடு பேசுவதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே ஒரு விபத்து நடந்தது. அதற்கு முந்தைய நாள் சாயங்காலம், டெனிசன் சிவப்பு வண்டியின் ஒரு முன்சக்கரத்தில் பேரிங் மாற்றினார். கோபால் அன்று சீக்கிரம் போய்விட்டார். சக்கரத்தை மாட்டி, நான்கு நட்டையும் கையால் திருகினார். பேனா காய்ந்துபோயிருந்தது. உதறி உதறிப் பார்த்ததில் மஞ்சள் இறங்கியது. மறுபடி காய்வதற்குள் போட்டுவிடலாம் என்று நான்கு கோட்டையும் இழுத்துவிட்டு ஸ்பேனரைக் கையில் எடுத்தார். அந்த நேரம் பார்த்து வாசலில் தண்ணீர் லாரி ஹாரன் அடித்தது. புழுதி அடங்கப் பாதையில் தண்ணீர் தெளிக்க அவர் வரச் சொல்லியிருந்த லாரி. எங்கெங்கே தெளிக்க வேண்டும் என்று கூடவே நடந்து காட்டிவிட்டுத் திரும்பி வந்தார். சிவப்பு வண்டியைப் பார்த்தார். நான்கு நட்டிலும் கோடு இருந்தது. வண்டியைத் தள்ளிக் கொட்டகைக்குள் விட்டார்.

வாழ்நாளெல்லாம் கோட்டை நம்பியே பழகிய கண் அது. தான் இழுத்த கோட்டையும் நம்பிவிட்டது.

மறுநாள் காலை கோபால் காற்று, பிரேக், செயின் எல்லாம் பார்த்தார். ஒவ்வொரு சக்கரத்தையும் பிடித்து ஆட்டிப் பார்ப்பதும் அவருடைய காலை வேலைதான். அன்று கதவைத் திறக்கும் முன்பே வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. சிவப்பு வண்டியின் சக்கரத்தை ஆட்டினாரா இல்லையா என்பது அவருக்கே நிச்சயமில்லை.

அந்த வண்டியில் ஏறியவள் முப்பிடாதி. தென்காசிப் பக்கத்துப் பெண், செல்போன் ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி. தோழிகள் வேலியோரம் நின்று கேலி செய்ய, சில சுற்று நன்றாகவே ஓட்டினாள். ஒரு வளைவில் முன்சக்கரம் கழன்று தனியாக ஓடியது. வண்டி மூக்கைக் குத்தி நின்றது. முப்பிடாதி டயர் அடுக்கின் மேல் போய் விழுந்தாள். கழுத்துக்குக் கீழே இருக்கும் காறை எலும்பு முறிந்துவிட்டது.

அவளை மருத்துவமனையில் சேர்த்துவிட்டு வந்து, டெனிசன் மண்ணில் நட்டுகளைத் தேடி எடுத்தார். உள்ளே திருகும் மரை தேயாமல் முழுசாக இருந்தது; நட்டில் குறையில்லை. முந்தைய நாள் ஸ்பேனரைக் கையில் எடுத்தது அவருக்கு ஞாபகம் வந்தது. 'டிக்' சத்தம் கேட்டதாக எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

அங்கே நின்றவர்கள் எல்லாரும் ஒரே காரணத்தைத்தான் சொன்னார்கள். சீனா வண்டி, சீனா போல்ட், இவ்வளவுதான் தாங்கும் என்றார்கள். டெனிசன் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல்தான் பிற்பாடு அவரை அதிகம் வருத்தியது. கோடு இழுத்தது அவசரத்தில் நடந்த தப்பு. தலையாட்டியதில் அவசரம் எதுவும் இல்லை.

கோபால் மட்டும் போல்ட் மேல் பழி போடவில்லை. அண்ணன் முறுக்கினால் அது கழலாது, எப்படியோ தளர்ந்திருக்க வேண்டும், காலையில் ஆட்டிப் பார்த்திருந்தால் கைக்குத் தெரிந்திருக்கும் என்று அவராகவே முடிவுகட்டிவிட்டார். மறுநாள் வந்து சாவிக்கொத்தை மேஜையில் வைத்தார்.

"ஒரு பொண்ணு எலும்ப ஒடச்சிட்டேண்ணே. இனிமே எனக்கு இந்த வேல வேணாம்."

டெனிசன் அப்போது சொல்லியிருக்கலாம். போகாதே என்று மட்டும் சொன்னார். கோபால் போய்விட்டார்.

தண்டலம் கடைக்கே திரும்பிய கோபாலைப் பற்றி மெல்ல மெல்லச் செய்தி வந்தது. பஞ்சர் ஒட்டுகிறாராம், காற்றடிக்கிறாராம், ஆனால் சக்கரத்தைத் திரும்பப் பூட்டச் சொன்னால் மாமனாரைக் கூப்பிடுகிறாராம். தப்பித் தவறிப் பூட்டிவிட்டால், வண்டி கிளம்பிய பிறகு பின்னாலேயே ஓடி நிறுத்தி மறுபடி முறுக்குகிறாராம். மாமனார் வாடிக்கையாளர்கள் முன்னிலையிலேயே திட்டுகிறாராம். இப்படியே போனால் அந்தக் கடையிலும் அவர் இருக்க முடியாது.

டெனிசனும் அவருடைய மனைவி பெனிட்டாவும் பழம் வாங்கிக்கொண்டு முப்பிடாதியை விடுதியில் போய்ப் பார்த்தார்கள். கையைக் கழுத்தோடு சேர்த்துத் தொட்டில்போலக் கட்டியிருந்தார்கள். அவள் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டாள்.

"நாந்தான் அண்ணாச்சி வளைவுல வேகமா திருப்பிட்டேன். ஒங்க வண்டிய நாசம் பண்ணிட்டேன்."

அதற்கும் டெனிசன் வாய் திறக்கவில்லை. பெனிட்டாதான் வண்டி கிடக்கட்டும் என்று சமாதானம் சொன்னார்.

அதன் பிறகு டெனிசன் எங்கள் மாதா கோயிலில் நற்கருணை அப்பம் வாங்குவதை நிறுத்தினார்; மனதில் பாவத்தை வைத்துக்கொண்டு அதை வாங்கக் கூடாது என்பார்கள். பூசைக்கு வருவார். எல்லாரும் எழுந்து வரிசையில் போகும்போது பெஞ்சிலேயே இருப்பார். நான் முதலில் முதுகு வலி என்று நினைத்தேன். பெனிட்டா அப்படி நினைக்கவில்லை. ஒரு ஞாயிறு வீட்டுக்கு வந்ததும், எதைக் கமுக்கமாக வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். டெனிசன் எல்லாவற்றையும் சொன்னார். கேட்டு முடித்ததும் பெனிட்டா சொன்னது இவ்வளவுதான்:

"என்கிட்ட சொல்லி இன்னா ஆவும்? கோபால் ஒருத்தன் செய்யாத தப்ப சொமந்துகினு கீறான். அவன்கிட்ட போங்க."

டெனிசன் போனார். கோபால் கடை வாசலில் ஓர் ஆட்டோவின் சக்கரத்தோடு குந்தியிருந்தார். டெனிசன் நின்றபடியே சொல்லத் தொடங்கினார். பேனா காய்ந்தது, கோடு இழுத்தது, லாரி வந்தது, ஸ்பேனர் நட்டைத் தொடாமலே இருந்தது.

"முறுக்கவே இல்லையா?"

"இல்ல."

"தெரிஞ்சும் இத்தினி நாளு சொல்லல."

"சொல்லல."

இந்த இடத்தில்தான் இருவர் சொல்வதும் வேறுபடுகிறது. கோபால் ஒன்றும் பேசாமல் எழுந்து உள்ளே போய்விட்டார் என்கிறார் டெனிசன். கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினேன் என்கிறார் கோபால். டெனிசனுக்கு அது காதில் விழாமல் இருந்திருக்கலாம். கோபாலைக் காப்பாற்றுவதற்காக மறைக்கவும் மறைக்கலாம். என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை இருவரும் ஒரே மாதிரி சொல்கிறார்கள். கோபால் திரும்பி வந்து ஆட்டோவின் சக்கரத்தைத் தானே பூட்டி முறுக்கினார். மாமனாரைக் கூப்பிடவில்லை. ஆட்டோ கிளம்பியது. அவர் பின்னால் ஓடவும் இல்லை. கையைத் துடைத்துக்கொண்டு தன் பைக்கை ஸ்டார்ட் செய்தார்.

"ஏறுண்ணே. அந்தப் பொண்ணுகிட்டயும் சொல்லணும். தனியா போனா நீ பாதி வழில திரும்பிடுவ."

இருவரும் விடுதிக்குப் போனார்கள். விடுதிக் காவலாளி உள்ளே சொல்லியனுப்பினார். முப்பிடாதி இறங்கி வந்தாள். டெனிசன் அதே வரிசையில் எல்லாவற்றையும் சொன்னார். அவள் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள்.

"அப்ப நான் சரியாத்தான் ஓட்டிருக்கேன்?"

"சரியாத்தாம்மா ஓட்டின."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. டெனிசன் அதை எதிர்பார்க்கவில்லை. மாடியைப் பார்த்துத் தோழிகளைக் கூப்பிட்டாள். "ஏட்டி, எறங்கி வாங்கட்டி. எனக்கு ஓட்டத் தெரியலன்னு சொன்னியள்ல? அண்ணாச்சி சொல்லுதத கேளுங்க." தோழிகள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். மறுபடி சொல்லுங்கள் என்றாள். ஆலையிலிருந்து திரும்பிய பெண்கள் எல்லாம் நின்று பார்க்க, டெனிசன் முதலிலிருந்து மறுபடி சொன்னார். கோபால் பைக்கில் சாய்ந்து வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சொல்லி முடித்ததும் தோழிகளில் வினோதினி என்ற பெண் சிரிக்காமல் ஒன்று கேட்டாள். இவளால் இன்னும் கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை, பயிற்சிக்குத் தண்டலம் மருத்துவமனைக்கு வரச் சொல்கிறார்கள், ஷிப்ட் முடிந்து எப்படிப் போவாள், கை சரியாகாவிட்டால் ஆலை லைனில் யார் வைத்துக்கொள்வார்கள் என்றாள். முப்பிடாதியின் சிரிப்பும் நின்றுவிட்டது. தெரியவில்லை என்று டெனிசன் உண்மையைச் சொன்னார்.

மறுநாள் ஷிப்ட் முடியும் நேரத்துக்கு, பெனிட்டாவின் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு, முப்பிடாதி தயங்காமல் ஏறட்டும் என்று பெனிட்டாவையும் பின்னால் உட்கார வைத்து ஆலை வாசலுக்குப் போனார். பெனிட்டா அங்கேயே இறங்கி, இடத்தை அவளுக்கு விட்டுவிட்டுப் பஸ்ஸில் வீடு திரும்பினார். முப்பிடாதியை டெனிசன் தண்டலத்துக்கு அழைத்துப் போனார். இது இப்போதும் நடக்கிறது. கை கொஞ்சம் உயர்கிறது, முழுதாக இல்லை. அவளுடைய சூப்பர்வைசரிடமும் போய், கை முறிந்தது தன் தப்பால்தான் என்று ஒரு முறை சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

கோபால் திரும்பி வரவில்லை. டெனிசன் கேட்டுப் பார்த்தார். தண்டலத்திலேயே இருந்துகொள்கிறேன் என்று கோபால் சொல்லிவிட்டார். வண்டிகளில் ஏதாவது பெரிய கோளாறு என்றால் ஏற்றிக்கொண்டு அங்கே போக வேண்டியிருக்கிறது. மற்ற வாடிக்கையாளர்களைப் போல டெனிசனும் தன் முறை வரும்வரை வெளியே நிற்கிறார்.