உள்பக்கத் தேய்மானம்

திண்டிவனத்தில் செஞ்சி ரோட்டுப் பக்கம் வந்து மெக்கானிக் பாக்கியராஜ் என்று கேட்டால் போதும், ஆட்டோக்காரர்கள் இறக்கிவிட்டுப் போவார்கள். ஒரு தகரக் கொட்டகை, அதற்கு முன்னால் இரண்டு கார் நிற்கிற அளவுக்கு இடம். என்ஜின், கிளட்ச், பிரேக் எதுவானாலும் அவரே பார்ப்பார். நல்ல வேலைக்காரர்தான். வாய் கொஞ்சம் அதிகம். கோபம் வந்தால் அவர் ஸ்பேனரை வீசுகிற சத்தம் எதிர்ப்பக்க டீக்கடை வரைக்கும் கேட்கும். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு என்று எதுவும் கிடையாது. அவருக்கு இருந்த ஒரே வியாதிக்குப் பெயர் ஆனந்தராஜ்.

ஆனந்தராஜ் அவருடைய சகலை. மனைவி பிரின்சியின் தங்கை வெனிலாவின் புருஷன். அந்தக் கல்யாணத்தை முடித்து வைத்ததே பாக்கியராஜ்தான். இருவரும் விழுப்புரத்தில் ஒரே பட்டறையில் வேலை பார்த்தவர்கள். பாக்கியராஜ் மூத்தவர், ஆனந்தராஜ் பின்னால் வந்து சேர்ந்தவன். பையன் அடக்கமாக இருக்கிறானே என்று மாமியார் இன்னாசியம்மாளிடம் அவர்தான் போய்ச் சொன்னார். "தங்கமான பையன் அத்தை, நான் கியாரண்டி" என்று சொன்ன அந்த வாயை இப்போதும் சில நேரம் கண்ணாடியில் பார்த்து முறைத்துக்கொள்வார்.

கல்யாணம் ஆன கையோடு ஆனந்தராஜ் கோயம்புத்தூருக்குப் போய் பிரேக் வேலையை மட்டும் தனியாகப் படித்துவிட்டு வந்தான். விழுப்புரம் பைபாஸில் கடை போட்டான். வண்டியைத் தூக்குகிற லிஃப்ட், வாடிக்கையாளர் உட்காரக் கண்ணாடி அறை, சுவரில் டிவி. கையில் உறை மாட்டிக்கொண்டுதான் வேலை செய்வான். பாக்கியராஜை உறுத்தியது லிஃப்ட் அல்ல, அந்த உறைதான். வல்லத்துக்குப் பக்கத்தில் இருந்த மாமியார் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் ஆனந்தராஜின் நகங்கள் பள்ளிக்கூட வாத்தியாருடையவை போல இருக்கும். பாக்கியராஜ் எத்தனை முறை தேய்த்துக் கழுவினாலும் நகக்கண்ணில் கறுப்பு போகாது. மாமியார் குழம்பு ஊற்றும்போது அந்தக் கையைப் பார்க்கிறாளா என்று இவர் பார்த்துக்கொண்டிருப்பார்.

இந்த வருடம் ஈஸ்டர் விருந்தில் ஆனந்தராஜைப் பார்த்து மச்சான் இருதய அருண் ஏதோ கேட்கப்போக, பேச்சு பிரேக்குக்கு வந்தது.

"சகல, ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க" என்றான் ஆனந்தராஜ். "காலிபர் பின்னுக்குக் கருப்பு கிரீஸ் போட்றீங்கல்ல, அது வேணாம். உள்ள இருக்கிற ரப்பரு உப்பிக்கும். அதுக்குனு சிலிக்கான் கிரீஸ் வருது, அதப் போடுங்க."

எலும்பைக் கடித்துக்கொண்டிருந்த பாக்கியராஜ் அதைத் தட்டில் போட்டார். சொன்னது தப்பா சரியா என்பது வேறு. மாமியார், மச்சான், இரண்டு பெண்கள், அத்தனை பேர் முன்னாலும் சொல்கிறான்.

"நீ அரை டிராயர் போட்டுக்கினு இருந்த காலத்துலேர்ந்து நான் கருப்பு கிரீஸ்தான்பா போட்டுக்கினு வர்றேன்" என்றார். "எந்த வண்டியும் கவுந்து போவல."

எல்லோரும் சிரித்தார்கள். ஆனந்தராஜும் சிரித்தான். அவன் சிரித்ததுதான் இவருக்குப் பிடிக்கவில்லை.

ஜூன் மாதம் அருண் தன்னுடைய ஏழு சீட்டு வண்டியைப் பிரேக் பேட் மாற்றக் கொண்டுவந்தான். பழைய வண்டி, ஆனால் மாமியார் வீட்டில் எல்லோரும் வேளாங்கண்ணிக்கும் கல்யாணம் காட்சிக்கும் போவது அதில்தான். பாக்கியராஜ் புது பேட் போட்டார். பேட்களைக் கவ்விப் பிடிக்கிற காலிபர் பக்கவாட்டில் நகர்ந்து கொடுப்பதற்கான இரண்டு பின்களையும் உருவித் துடைத்தார். கருப்பு கிரீஸ் டப்பாவைத் திறந்து, வழக்கமாக வைப்பதைவிட ஒரு விரல் கூடுதலாகவே வழித்து வைத்தார். யாருக்கோ பதில் சொல்வது போல இருந்தது அது.

ஆகஸ்ட் கடைசியில் அருண் திரும்ப வந்தான்.

"மாமா, வண்டி லெஃப்டுல இழுக்குது. கூட்டேரிப்பட்டு தாண்டுனா தீஞ்ச வாடை அடிக்குது. சக்கரத்துல கை வெக்க முடியல."

"பாத்துடலாம் மச்சான்."

அருண் தலையைச் சொறிந்தான். "அது வந்து மாமா... வேளாங்கண்ணிக்கு அடுத்த வாரம் கெளம்பறோம்ல. அம்மா, ஒரு தபா விழுப்புரத்துல சின்ன மாமாகிட்ட காட்டிட்டு வாடான்னுச்சு. நாந்தான் மொதல்ல இங்க வந்தேன்."

பாக்கியராஜின் முகம் எப்படி மாறியதோ, அருண் அவசரமாக, "நீங்களே பாருங்க மாமா, நான் யார்கிட்டயும் சொல்லல" என்றான்.

அந்த வண்டி விழுப்புரத்து லிஃப்டில் ஏறினால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். பெரிய மாப்பிள்ளை பார்த்த பிரேக்கைச் சின்ன மாப்பிள்ளை சரிசெய்தான் என்று ஆகும். அதற்கப்புறம் அந்த வீட்டில் அவரிடம் யாரும் மிக்ஸியைக்கூடக் காட்ட மாட்டார்கள். "சாவிய வெச்சுட்டுப் போ. நாளைக்கி வா" என்றார்.

முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிச் சுற்றினார். இடது சக்கரம் பாதிச் சுற்றில் முரண்டு பிடித்து நின்றது. சக்கரத்தைக் கழற்றிப் பேட்களை வெளியே எடுத்தவர் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். வெளிப்பக்கத்து பேட் புதுக் கருக்கோடு அப்படியே இருந்தது. உள்பக்கத்து பேட் தகடு தெரிகிற அளவுக்குத் தேய்ந்திருந்தது. வெளியிலிருந்து எட்டிப் பார்க்கிற எவனும் பேட் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்லியிருப்பான்.

ஒழுங்காகத் தேட வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பேட்களைத் திரும்ப மாட்டி, பிரேக்கை மிதித்துவிட்டு, காலிபரில் ஆயிலில் இருக்கிற காற்றை எடுக்கிற நிப்பிளைத் தளர்த்தினார். பிரேக் ஆயில் வருகிற ஓஸ் அடைத்துக்கொண்டு அழுத்தம் உள்ளே நின்றிருந்தால் ஆயில் பீச்சிக்கொண்டு வந்து, சக்கரத்தோடு சுற்றுகிற டிஸ்கை பேட் விட்டிருக்கும். விடவில்லை. அப்படியானால் ஓஸ் இல்லை. கிளாம்ப் போட்டு, பேடைத் தள்ளுகிற பிஸ்டனை அழுத்தினார். வெண்ணெய் போல உள்ளே போனது. பிஸ்டனும் இல்லை. பிஸ்டனாக இருக்கக் கூடாதா என்று ஒரு கணம் ஆசைப்பட்டார். பிஸ்டன் என்றால் வண்டியின் வயசு மேல் பழி போட்டுவிடலாம்.

மிச்சம் இருந்தது பின்தான். கையால் இழுத்தால் வர வேண்டிய பின் சுத்தியலுக்குத்தான் மசிந்தது. அதன் முனையில் இருந்த ரப்பர், தண்ணீரில் ஊறிய கொண்டைக்கடலை மாதிரி உப்பியிருந்தது. மேலே பூசியிருந்த கருப்பு கிரீஸில் அவருடைய விரல் ரேகையைத் தவிர மற்றதெல்லாம் இருந்தது.

பின் இறுகியதால் காலிபர் நகரவில்லை. நகராததால் பிஸ்டன் உள்பக்கத்து பேடை மட்டும் டிஸ்கில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. ஈஸ்டர் அன்று அவன் சொன்னது, எழுத்துப் பிசகாமல்.

ஸ்பேர் பார்ட்ஸ் கடைக் கோதண்டபாணி கையை விரித்தார். "பின் ரப்பர் கிட்டு இந்த மாடலுக்கு ஸ்டாக் இல்லீங்க. உங்க சகலைகிட்ட இருக்குமே. ஒரு போன் போட்டா பஸ்ல குடுத்து வுட்டுடப் போறாரு."

"அவர எதுக்குத் தொந்தரவு பண்ணிக்கினு" என்று சொல்லிவிட்டு பாக்கியராஜ் தானே பஸ் ஏறினார். விழுப்புரத்தில் ஏறி இறங்கிய கடைகளில் எல்லாம் அதே பதில்தான். அந்த மாடல் கிட்டு வந்தால் பைபாஸ் ஆனந்தராஜ் மொத்தமாக எடுத்துக்கொள்கிறாராம். அதைச் சொன்னவர்கள் கொடுத்த மரியாதை வேறு. "ஆனந்தராஜ் சாரு."

சாரு கடையில்தான் இருந்தான். லிஃப்டில் ஒரு வெள்ளைக் கார் தொங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடி அறையில் உட்கார்ந்திருந்த கார்க்காரர், டாக்டரைப் பார்க்க வந்தவர் போல பவ்யமாக இருந்தார். பாக்கியராஜின் கொட்டகையில் வாடிக்கையாளர்கள் டயர் மேல் உட்கார்ந்து அவரிடமே பீடி கேட்பார்கள்.

"சகல! வாங்க வாங்க. ஒரு தகவலும் இல்லாம?" ஆனந்தராஜ் உறையைக் கழற்றிவிட்டு ஓடிவந்தான். "டீ சாப்டுங்க மொதல்ல."

"டீ கெடக்குது. பின் கிட்டு ஒண்ணு வேணும்." மாடலைச் சொன்னார்.

"யார் வண்டி?"

"வெளி வண்டிதான். திருவெண்ணெய்நல்லூர் பார்ட்டி. கரும்பு லோடு மேஸ்திரி."

"ரப்பர் உப்பிக்கிச்சா?"

"ம். எவனோ கருப்பு கிரீஸ அப்பி வெச்சிருக்கான்."

"யாரு பண்ண வேலை அது?"

"யாருக்குத் தெரியும். ரோட்டோரத்துல எவனாவது பேமானியா இருப்பான்."

ஆனந்தராஜ் அலமாரியைத் திறந்து கிட்டை எடுத்தான். கூடவே ஒரு சின்ன கிரீஸ் டியூப். இரண்டையும் காகிதத்தில் சுற்றும்போது கை ஒரு நொடி நின்றது. "நம்ம அருண் வண்டியும் இதே மாடல்தான் இல்ல?"

"ஆமா" என்றார் பாக்கியராஜ். "இதே மாடல்தான்."

"பாவம், அந்த மெக்கானிக்கு தெரியாம பண்ணியிருப்பான். வுடுங்க சகல" என்று பொட்டலத்தை நீட்டினான்.

திரும்பி வருகிற பஸ்ஸில் பொட்டலத்தைக் கையிலேயே பிடித்துக்கொண்டு வந்தார். அவன் குத்திக் காட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். அதற்கும் வழி வைக்கவில்லை பாவி.

கொட்டகைக்கு வந்து பின் ஓட்டையைப் பழைய கிரீஸ் ஒரு பொட்டு இல்லாமல் வழித்துச் சுத்தம் செய்தார். புது ரப்பர், புது கிரீஸ், இரண்டு பக்கமும் புது பேட். டிஸ்கில் கோடு விழுந்திருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்த்தார். காலிபரை இரண்டு விரலால் தள்ளினார். மேசை டிராயர் போல வழுக்கிக்கொண்டு போய் வந்தது. இத்தனை வருடத்தில் அவர் கையில் எந்தக் காலிபரும் அப்படிப் போனதில்லை. அது அவருக்குப் பிடித்திருந்தது, பிடித்திருந்ததற்காக எரிச்சலும் வந்தது. ராத்திரி பிரின்சி, "சரியாயிடுச்சாங்க?" என்று கேட்டபோது, "ஏன், ஆவாதுனு நெனச்சியா?" என்று அவள் மேல் விழுந்தார்.

பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருந்ததால் வேளாங்கண்ணிக்குப் பெரியவர்கள் மட்டும்தான் கிளம்பினார்கள். விடிந்ததும் மாமியார் வீட்டு வாசலில் வண்டி நின்றது. அருண் ஓட்டினால் பறப்பான் என்று இன்னாசியம்மாள் மருமகன்களில் ஒருவரைத்தான் ஓட்டச் சொல்வாள். போன வருடம் ஆனந்தராஜ் ஓட்டினான்.

இன்னாசியம்மாள் படியிலேயே நின்றுகொண்டாள். "தீஞ்ச வாடை அடிச்ச வண்டி. எனக்கு மனசு ஒப்பல. சின்ன மாப்ள ஒருவாட்டி பாத்துச் சொல்லட்டும், ஏறுறேன்."

"அம்மா, அவருதான் பாத்துட்டாருல்ல" என்றாள் பிரின்சி.

"நான் இன்னாடி சொல்லிட்டேன் இப்ப? நாலு கண்ணு பாத்தா நல்லதுதான?"

பாக்கியராஜ் ஸ்டீரிங்கைப் பிடித்தபடி முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தார். ஆனந்தராஜ் இடது சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிவது ஓரக்கண்ணில் தெரிந்தது. உள்ளே எட்டிப் பார்த்தால் தெரியும், இந்த ஜில்லாவிலேயே அவன் ஒருவனிடம் இருக்கிற கிட். அவனே தன் கையால் சுற்றிக் கொடுத்த ரப்பர். அவன் செல்போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தான். தெரு முனை வரைக்கும் ஒரு நடை ஓட்டி வரச் சொன்னான். வந்ததும் சக்கரத்தில் உள்ளங்கையை வைத்தான். உறை இல்லாமல்.

பிறகு எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டான். "ஏறுங்க அத்தை. நான் பாத்திருந்தாலும் இப்படித்தான் பண்ணியிருப்பேன்."

"அப்ப பிரேக்கு பாத்தவரே ஓட்டட்டும்" என்று இன்னாசியம்மாள் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து ஜெபமாலையை எடுத்தாள். அருண் பின்னாலிருந்து, "பெரிய மாமான்னா சும்மாவா" என்றான்.

கேட்க வேண்டும் என்று பல வருடம் ஏங்கிய வார்த்தை. பாக்கியராஜுக்கு அது காதில் விழுந்ததே தவிர உள்ளே இறங்கவில்லை.

பைபாஸில் ஒரு லாரி குறுக்கே வந்தது. மிதித்தார். வண்டி எந்தப் பக்கமும் இழுக்காமல், கோடு போட்டது போல நின்றது. மாமியாரின் ஜெபமாலை மணிகூட அசையவில்லை. கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தார். மெக்கானிக்குகள் அடுத்தவன் ஓட்டும் வண்டியில் உட்கார்ந்தால் காலடியில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார்கள். போன வருடம் இவர் வேளாங்கண்ணி வரைக்கும் அப்படி மிதித்துக் கால் வலித்துப்போனார்.

ஆனந்தராஜ் வெனிலாவின் தோளில் சாய்ந்து, வாயைத் திறந்து, குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். வண்டி நின்றதே அவனுக்குத் தெரியவில்லை.

பாக்கியராஜ் கியரைப் போட்டார். லிஃப்டு, கண்ணாடி அறை, உறை எல்லாவற்றையும்விட அந்தத் தூக்கத்தின் மேல்தான் அவருக்கு வயிறு எரிந்தது.