குலுக்கு மேடையில் படுத்தவர்

சேதுபதி சிங்கப்பூரின் கேலாங்கிலிருந்து சைக்கிளில் வேலைக்கு வருவார். பிரிட்டிஷ் ராணுவ வண்டிகளைப் பழுதுபார்க்கும் பட்டறையில் அவருடைய வேலை, படுத்துக்கொண்டு வாசிப்பது.

பட்டறைத் தரையில் நான்கு இரும்புத் தட்டுகள் இருந்தன. வண்டியின் சக்கரங்களை அவற்றின்மேல் நிறுத்திப் பம்பை ஓடவிட்டால், அழுத்தம் ஏறிய எண்ணெய் தட்டுகளை மேலும் கீழும் தள்ளும். வண்டி நின்ற இடத்திலேயே கல்ரோட்டில் ஓடுவதுபோல் குலுங்கும். ஆம்புலன்சைச் சோதிக்கும்போது சேதுபதி உள்ளே ஸ்ட்ரெச்சரில் படுப்பார். முகத்துக்கு மேலே எழுத்து அட்டை. குலுக்கலை ஒன்றிலிருந்து பத்துவரை கூட்டுவார்கள். எழுத்து கலங்கியதும் அவர் கையைத் தூக்க வேண்டும். எவ்வளவு பெரிய எண்ணில் தூக்குகிறாரோ, ஸ்பிரிங் அவ்வளவு நல்லது. ஒப்பிட வசதியாக எப்போதும் ஒரே ஆள், ஒரே அட்டை.

1968இல், வெள்ளைக்காரர்கள் கிளம்பப்போவதால் ஆள்குறைப்புப் பட்டியல் வரத் தொடங்கியிருந்தது. அப்போது சேதுபதியின் கண்ணில் புரை படர்ந்திருந்தது. அட்டை அசையாமல் இருக்கும்போதே எழுத்து தெரியவில்லை. மனப்பாடமாக இருந்ததை உரக்கச் சொன்னார்; உத்தேசமாகக் கை தூக்கினார். பட்டியலில் பெயர் வந்துவிடும் என்ற பயத்தில் மனைவி பூவம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

புது ஸ்பிரிங் பூட்டிய ஆம்புலன்சுக்கு எட்டில் கை தூக்கினார். எண்ணைக் குறித்த எழுத்தர் ஏரம்பமூர்த்திக்குச் சந்தோஷம்.

"உமக்கென்ன, கழுகின்ர கண்ணோ? இன்னும் ஒருக்காப் பார்ப்பம். சரியெண்டால் நாளைக்கே இந்த வண்டியில, செம்பவாங்கில முதுகெலும்பு முறிஞ்ச ஒருத்தனை ஏத்தப் போகினம்."

மறுபடி பம்ப் ஓடியது. நான்கில் சேதுபதியின் பின்மண்டை சட்டத்தில் இடித்தது. ஐந்தில் முதுகு எழும்பி எழும்பி விழுந்தது. இத்தனை நாளும் எந்த எண்ணில் கை தூக்குவது என்பதிலேயே நினைப்பு. முதுகை அவர் கவனித்ததில்லை. முறிந்த முதுகு இதைத் தாங்குமா? கையைத் தூக்கினார்.

பம்ப் நின்றது. ஐந்திலேயே ஏன் என்று ஏரம்பமூர்த்தி கேட்டார்.

"ஐயா, அட்டை சும்மா இருக்கும்போதே எனக்குத் தெரியலைங்க. மனப்பாடமா சொல்லிட்டிருந்தேன். வேற ஆளைப் படுக்கச் சொல்லுங்க."

ஏரம்பமூர்த்தி எட்டு என்ற எண்ணைக் கோடிட்டு அடித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"எத்தினை மாசமா?"

"ஏழெட்டு மாசம் இருக்குங்க."

அவர் நோட்டைப் பின்பக்கமாகப் புரட்டினார். அந்த மாதங்களில் சோதனையில் தேறி வெளியே ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகளின் எண்களை வாய்விட்டுச் சொல்லியபடி ஒரு தாளில் எழுதத் தொடங்கினார். சேதுபதி ஸ்ட்ரெச்சரின் விளிம்பைப் பிடித்தபடி எண்ணினார். பதினேழுக்குப் பிறகும் பேனா நிற்கவில்லை.